காற்று இலவசம்தானே? நெல்லிக்கிரஷ் போத்தலும் ஒரு கொம்பிரசரும்

கேள்வி, ஒக்டோபர் 6 (சுன்னாகத்து வாசகர்)

வீட்டோடு சேர்ந்த சிறிய இடத்தில் நெல்லிக்கிரஷ் தயாரித்துப் போத்தலில் அடைக்கிறோம். மூடியைக் கை நெம்பால் அழுத்தி இறுக்குகிறோம். மாலையானால் தோளைத் தூக்க முடிவதில்லை. காற்றில் இயங்கும் இயந்திரம் ஒன்று செய்யலாம், காற்று இலவசம், டயர் கடையில் இருக்கும் கொம்பிரசர் ஒன்றே போதும் என்கிறார் நண்பர். என்னென்ன உறுப்புகள் வேண்டும்? மின்மோட்டாரில் செய்வதைவிட இது மலிவா?

ஒக்டோபர் 6, இரவு

காற்று இலவசம். அமுக்கிய காற்று இலவசம் இல்லை. கொம்பிரசருக்குள் போகும் மின்சாரத்தின் பெரும்பகுதி சூடாகிப் போய்விடுகிறது. மிச்சம்தான் தாங்கியில் அடைபட்டுக் கிடக்கிறது. இதே வேலையை மோட்டார் நேரடியாகச் செய்தால் மின்கட்டணம் குறையும். ஆகவே மலிவு என்ற ஆசையோடு இதில் இறங்க வேண்டாம்.

இறங்க வேறு நியாயம் இருக்கிறது. காற்றுச் சிலிண்டர் (காற்று உள்ளே புகுந்து ஒரு தண்டைத் தள்ளும் குழல்) போத்தலில் முட்டி நின்றால், நின்றபடியே அழுத்திக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் நின்றாலும் எதுவும் கருகாது. சாதாரண மோட்டாரை அப்படி மறித்துப் பிடித்தால் சுருள் எரிந்துவிடும். மூடி இறுக்குவது முட்டி நிற்கும் வேலைதான். அழுத்தும் பலத்தையும் ஒரு குமிழைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம்.

காற்றின் பாதை இதுதான்: கொம்பிரசர் வெளிக்காற்றை இழுத்து அமுக்குகிறது. தாங்கி அதைச் சேமிக்கிறது. வடிகட்டி நீரையும் தூசியையும் பிரிக்கிறது. ரெகுலேட்டர் அமுக்கத்தை வேலைக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்து, அந்த அளவிலேயே பிடித்து வைக்கிறது. அதன் பின், காற்றோடு ஒயிலைத் துளித்துளியாகக் கலக்கும் ஒயில் தூவி. பிறகு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்பிவிடும் வால்வு. கடைசியில் சிலிண்டர், அதற்குள் பிஸ்டன், பிஸ்டனில் பொருத்திய தண்டு.

கடைசி என்று எழுதிவிட்டேன், கடைசி அதுவல்ல. வேலை முடித்த காற்று வெளியே போக வேண்டும். பழகாதவர்கள் காற்று உள்ளே வரும் வழியையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் எந்த இயந்திரத்தடிக்குப் போனாலும் முதலில் பார்ப்பது அது வெளியேறும் வழியை. பழுது பெரும்பாலும் அங்கேதான் தலைகாட்டும்.

ஒக்டோபர் 7

எத்தனை அங்குலச் சிலிண்டர் என்று இன்னொருவர் கேட்கிறார். அதற்கு முன் எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரிய வேண்டும். சுன்னாகத்துத் தம்பி, ஆள் ஏறி நின்று நிறை பார்க்கும் தராசு ஒன்றை எடுங்கள். அதன் மேல் போத்தலை வைத்து, வழமைபோல நெம்பால் மூடியை இறுக்குங்கள். மூடி இறுகும் கணத்தில் முள் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பலம் என்பது அமுக்கத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்கினால் வருவது. 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 1,963 சதுர மில்லிமீற்றர். 6 பார் அமுக்கம் என்றால் சதுர மில்லிமீற்றருக்கு 0.6 நியூற்றன். பெருக்கினால் 1,178 நியூற்றன். பேச்சு வழக்கில் 120 கிலோ. 32 மில்லிமீற்றர் பிஸ்டன் அதே அமுக்கத்தில் 49 கிலோதான் தரும். விட்டம் கொஞ்சம் கூடினாலும் பலம் எகிறும். அதனால்தான் கண்ணால் மட்டிட்டு வாங்கக் கூடாது.

டயர் கடைக் கணக்கில் யோசிப்பவர்களுக்கு: 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. 6 பார் என்றால் 87.

ஒக்டோபர் 7, சற்றுப் பிந்தி

அந்த 120 கிலோ வெளியே தள்ளும் போது மட்டும். திரும்பி வரும்போது பிஸ்டனின் நடுவில் தண்டு இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பரப்புக் குறையும். 20 மில்லிமீற்றர் தண்டு என்றால் ஏறத்தாழ 100 கிலோ. மூடி இறுக்குவதற்கு இது பொருட்டே இல்லை. திரும்பி வருவதற்கு 2 பார் கூடப் போதும். எதையாவது இழுத்துப் பிடிக்கும் வேலையாக இருந்தால் இதைப் பார்க்க வேண்டும்.

ஒக்டோபர் 9

தராசு 80 காட்டியதாம். அப்படியானால் 50 மில்லிமீற்றரே சரி. உராய்வுக்கும், அமுக்கம் சற்று விழுவதற்கும் இடம் விட வேண்டும். இதற்கு அந்த மிச்சம் காணும்.

இன்று தண்ணீர். மழை தொடங்கிவிட்டது, பொருத்தமான நேரம்.

30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதன் 80 வீதம் என்றால் 24 கிராம் உள்ளே இருக்கும். அந்தக் காற்றை 7 பாருக்கு அமுக்கினால் கனவளவு எட்டில் ஒன்றாகச் சுருங்கும் (முள் காட்டும் 7 பாரோடு வளிமண்டலத்தின் 1 பாரும் சேரும்). ஆறிய பிறகு அவ்வளவு சிறிய இடத்தில் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவான ஆவிதான் நிற்க முடியும். மிச்சம் 20 கிராம் நீராக இறங்கும். நிமிடத்துக்கு 200 லீற்றர் இழுக்கும் கொம்பிரசர் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் கால் லீற்றர் தண்ணீர்.

அது எங்கே போகும்? முதலில் தாங்கியின் அடியில். அங்கே ஒரு சிறிய வடிகால் குமிழ் இருக்கும். பல கடைகளில் அது துருவேறி இறுகிக் கிடக்கும். குனிய வேண்டுமே என்று யாரும் தொடுவதில்லை. ஒவ்வொரு மாலையும், தாங்கியில் கொஞ்சம் காற்று இருக்கும்போதே அதைத் திறக்க வேண்டும். முதலில் பழுப்பு நிறத் தண்ணீர் பீறிடும், பிறகு நுரை, பிறகு வெறும் காற்று. வெறும் காற்று வந்ததும் மூடிவிடலாம். திறக்காவிட்டால் தாங்கி உள்ளேயிருந்து அரிபடும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு பப்படமாக மெலிந்திருக்கும்.

குழாயைச் சற்றுச் சரிவாகப் போடுங்கள். இயந்திரத்துக்குக் கிளை எடுக்கும்போது பெருங்குழாயின் மேற்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்குங்கள். கீழ்ப்பக்கத்திலிருந்து எடுத்தால் தண்ணீர் நேரே வால்வுக்கு வரும்.

தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பி.வி.சி. குழாயைக் காற்றுக்குப் போட வேண்டாம். மலிவு, மூலைக்கு மூலை கிடைக்கும், ஒட்டுவதும் சுலபம், எல்லாம் உண்மை. ஆனால் அது வெடித்தால் கசியாது. கூரிய சில்லுகளாகச் சிதறும்.

ஒக்டோபர் 10

காற்றில் வேலை செய்யும் எதையும் தான் வாழ்க்கையில் தொட்டதில்லை, இது புரியவில்லை என்று ஓர் ஆர்மோனியக்காரர் எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் தினமும் தொடுவதே அதைத்தான். இடக்கையால் அசைக்கும் பின்துருத்தி கொம்பிரசர். உள்ளே மறைந்திருக்கும் இரண்டாவது துருத்தி தாங்கி. அதை அழுத்தும் வில்கள் (ஸ்பிரிங்) அமுக்கத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கின்றன. இரண்டுக்கும் நடுவே காற்றுத் திரும்பிப் போகாமல் மறிக்கும் தோல் மடல்கள் இருக்கின்றன. கட்டைகள் வால்வுகள். கட்டையை அழுத்தியதும் காற்று நாக்கைக் கடந்து வெளியேறும்போதுதான் சுரம் பிறக்கிறது. துருத்தியில் ஓட்டை விழுந்தால் கை வலிக்குமே தவிர சுரம் நிற்காது. அந்தக் கைவலிதான் இந்தச் சுன்னாகத்துத் தம்பிக்கு மின்கட்டணமாக வரப் போகிறது.

ஒக்டோபர் 13

வால்வு பற்றி. தம்பிக்கு வேண்டியது ஐந்து வாய், இரண்டு நிலை உள்ள வால்வு. உடலில் எண்கள் பொறித்திருக்கும். 1 காற்று வரும் வாய். 2, 4 சிலிண்டரின் இரு முனைகளுக்கும் போகின்றன. 3, 5 வெளியேறும் வாய்கள். உள்ளே ரப்பர் வளையங்கள் பூட்டிய ஒரு தண்டு முன்னும் பின்னும் வழுக்குகிறது. ஒரு நிலையில் 1இலிருந்து 4க்குக் காற்றுப் போகும். 2இல் இருந்த பழைய காற்று 3 வழியே வெளியேறும். மற்ற நிலையில் 1இலிருந்து 2க்கு, 4இலிருந்து 5க்கு. தண்டை நகர்த்துவது 24 வோல்ற் மின்காந்தச் சுருள்.

ஓர் இடத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். புதிய இயந்திரம், கொம்பிரசர் நிறையக் காற்று, சுருளில் 'டக்' என்ற சத்தமும் கேட்கிறது, பிஸ்டன் மட்டும் அசையவில்லை. 3ஐயும் 5ஐயும் பார்த்தேன். இரண்டிலும் பித்தளை மூடி திருகி, வெள்ளை நாடாவும் சுற்றியிருந்தது. "அந்த இரண்டு ஓட்டையாலும் காற்று வீணாகப் போனது, அடைத்துவிட்டோம்" என்றார் பொறுப்பாளர். மிகக் கச்சிதமான வேலை, ஒரு பொட்டுக் காற்றுக் கசியவில்லை.

சத்தம்தான் தொல்லை என்றால் அந்த வாய்களில் பூட்ட பித்தளைத் துணிக்கைகளால் ஆன சைலன்சர் விற்கிறார்கள். அதுவும் நாட்பட்டால் ஒயிலும் தூசியும் ஏறி அடைபடும். இயந்திரம் நாளுக்கு நாள் மெதுவாகிறது என்று யாராவது சொன்னால் முதலில் சைலன்சரைக் கழற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஒக்டோபர் 13, இரவு

மின்வெட்டு வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது நல்ல கேள்வி.

ஒற்றைச் சுருள் வால்வின் மறுபக்கம் ஒரு வில் இருக்கும். மின்சாரம் போனதும் வில் தண்டைத் தள்ளிவிடும். தாங்கியில் மிச்சமிருக்கும் காற்றால் பிஸ்டன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இரட்டைச் சுருள் வால்வு அப்படியல்ல. கடைசியாக எந்த நிலையில் விட்டீர்களோ அந்த நிலையிலேயே நிற்கும். மூடி இறுக்கும் இயந்திரத்துக்கு ஒற்றைச் சுருள் நல்லது, பிஸ்டன் மேலே போய்விடும். எதையாவது கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு இரட்டை. மின்சாரம் போனதும் கவ்வியது கழன்று காலில் விழக் கூடாதல்லவா.

இயக்குவதற்கு இரண்டு பொத்தான்கள், இரண்டு கைகளுக்கும் எட்டும்படி தள்ளித் தள்ளி. இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் பிஸ்டன் இறங்க வேண்டும். 120 கிலோவுக்கு மூடி எது, விரல் எது என்று தெரியாது.

ஒக்டோபர் 14

"ஒரு பொத்தானில் ரப்பர் நாடா சுற்றிவிட்டால் ஒற்றைக் கையால் வேலை செய்யலாமே?"

செய்யலாம். அதன் பிறகு என்றும் ஒற்றைக் கையால்தான் செய்வீர்கள்.

ஒக்டோபர் 19

தம்பியின் பிஸ்டன் 'டமார்' என்று இறங்கிப் போத்தலை உடைக்கிறதாம். வேகத்தைக் குறைக்கச் சிலிண்டருக்குக் காற்று வரும் பக்கத்தில் திருகாணி வால்வு பூட்டினாராம். இப்போது விக்கி விக்கி நகர்கிறதாம்.

விக்கத்தான் செய்யும். உள்ளே வரும் காற்றை நெருக்கினால் அமுக்கம் மெல்ல ஏறும், பிஸ்டனின் ஒட்டுதலை வென்றதும் அது சட்டென நகரும், நகர்ந்ததும் காற்று விரிந்து அமுக்கம் விழும், பிஸ்டன் நிற்கும், மறுபடி ஏறும். வருவதை முழுவதுமாகத் திறந்துவிட்டு, போவதை நெருக்குங்கள். அப்போது பிஸ்டனுக்கு முன்னாலும் காற்று, பின்னாலும் காற்று. இரண்டுக்கும் நடுவில் அது நிதானமாக நகரும். ஒரு வழிக்குத் தடையில்லாமலும் மறுவழிக்கு நெருக்கியும் விடும் சிறிய வால்வைச் சிலிண்டரின் வாயிலேயே திருகிப் பூட்டலாம். அதன் மேல் அம்புக்குறி இருக்கும். எந்தத் திசை நெருக்கப்படுகிறது என்று ஊதிப் பார்த்துப் பூட்டுங்கள். அம்பு எதைக் குறிக்கிறது என்பது செய்பவருக்குச் செய்பவர் வேறுபடும்.

ஒக்டோபர் 20

மேலே சொன்னதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. காலையில் முதல் தடவை காற்றைத் திறக்கும்போது வெளியேறும் பக்கத்தில் காற்றே இருக்காது. நெருக்குவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே முதல் வீச்சில் பிஸ்டன் பாய்ந்து வரும். இரண்டாவது வீச்சிலிருந்துதான் ஒழுங்குக்கு வரும். பெரிய இயந்திரங்களில் காற்றை மெல்ல நிரப்பும் தொடக்க வால்வு இதற்கென்றே வைக்கிறார்கள். தம்பியின் இயந்திரத்துக்கு, காலையில் போத்தல் வைக்காமல் ஒருமுறை வெறுமனே இயக்கிவிட்டால் போதும். கையை எட்ட வைத்துக்கொண்டு.

ஒயில் தூவி பற்றியும் மறுபடி யோசித்தேன். முதல் நாள் பட்டியலில் அதையும் சேர்த்திருந்தேன். இரும்பு வேலைக் கராச்சுக்கு அது சரி. இங்கே திறந்த போத்தலில் நெல்லிக்கிரஷ் இருக்கிறது. தூவப்படும் ஒயில் வால்வோடு நின்றுவிடாது, 3ஆம் 5ஆம் வாய்களால் மெல்லிய புகாராக வெளியே வரும். இன்றைய சிலிண்டர்களும் வால்வுகளும் பெரும்பாலும் கிறீஸ் இட்டே வருகின்றன. தூவி இல்லாமலே ஓடும். தூவியைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுங்கள். ஆனால் தொடக்கத்தில் தூவியோடு ஓட்டிப் பழக்கியதைப் பின்னர் நிறுத்தக் கூடாது: ஒயில் முதல் கிறீஸைக் கழுவிவிடும், பிறகு சீல்கள் காய்ந்து தேயும்.

தூவியை எடுத்தாலும் கொம்பிரசரின் சொந்த ஒயில் கொஞ்சம் காற்றோடு கலந்து வரும். ஆகவே வெளியேறும் இரண்டு வாய்களிலும் குழாய் பூட்டி, சுவரைத் துளைத்து முற்றத்துக்கு விடுங்கள்.

ஒக்டோபர் 27

பேச்சு வாகனங்களின் பக்கம் திரும்பிவிட்டது, எனக்கும் ஆசைதான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பயிலுநராக இருந்தபோது, காற்று சீமெந்துத் தூளைக் குழாய்க்குள் தண்ணீராக ஓட்டுவதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். 1990இல் தொழிற்சாலை நின்ற பிறகு லொறிக் கராச்சில்தான் வயிற்றுப்பாடு.

லொறியும் பஸ்ஸும் நிறுத்தியதும் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விடுமே, அது பிறேக் போடும் சத்தம். பலர் பிறேக்கைக் காற்றுத்தான் அழுத்துகிறது என்று நினைக்கிறார்கள். ஓடும்போது மிதிக்கும் பிறேக்குக்கு அது சரி. தரித்து நிற்கும் பிறேக்கில் அழுத்துவது ஒரு பெரிய எஃகு வில். காற்று அந்த வில்லைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்திருக்கிறது. காற்றை வெளியே விட்டால் வில் பாயும், சில்லு இறுகும். குழாய் வெடித்துக் காற்றுப் போனாலும் அதேதான். அந்த வில் அடைபட்ட பெட்டியைப் பழக்கமில்லாதவர் கழற்றக் கூடாது. உயிருக்கு உலை வைத்துவிடும்.

இந்தத் தலைகீழ் யோசனை ரயிலிலிருந்து வந்தது. ஜோர்ஜ் வெஸ்ற்றிங்ஹவுஸ் 1869இல் செய்த முதல் காற்று பிறேக்கில் காற்றை அனுப்பினால்தான் பிறேக் விழும். பெட்டிகள் அறுந்து குழாய் பிய்ந்தால் பிறேக்கே இல்லை. 1872இல் அவர் அதைத் திருப்பிப்போட்டார்: ஒவ்வொரு பெட்டியிலும் சொந்தத் தாங்கி, ஒரு மூவழி வால்வு. நெடுங்குழாயில் அமுக்கம் விழுந்தால் அந்த வால்வு பெட்டியின் தாங்கியிலிருந்து காற்றை எடுத்துப் பிறேக்கைப் போடும்.

யாழ்தேவி பற்றிக் கேட்டவருக்கு: இலங்கை ரயில்களில் நெடுங்காலம் பழக்கத்தில் இருந்தது வெற்றிட பிறேக். குழாயில் வெற்றிடம் இருக்கும்வரை பிறேக் விடுபட்டிருக்கும். வெளிக்காற்றை உள்ளே விட்டால் விழும். அதில் கிடைக்கும் அமுக்க வித்தியாசம் 1 பாரைத் தாண்ட முடியாது, வளிமண்டலம் தருவது அவ்வளவுதான். அதனால் சிலிண்டர்கள் பெருத்திருக்கும். கணக்கு ஒக்டோபர் 7இல் எழுதியதேதான்.

ஒக்டோபர் 28

டயர் கடைக் கொம்பிரசர் தானாக நிற்கும்போதும் 'ப்ஸ்ஸ்' என்கிறதே, அங்கே என்ன பிறேக் என்று ஒரு குறும்பர் கேட்கிறார். பிறேக் இல்லை. தாங்கி நிரம்பியதும் அமுக்கச் சுவிட்ச் மோட்டாரை நிறுத்துகிறது. அதே கணத்தில் கொம்பிரசர் தலைக்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள குழாயில் மாட்டிக்கொண்ட காற்றை வெளியே விடுகிறது. விடாவிட்டால் அடுத்த முறை மோட்டார் அந்த அமுக்கத்துக்கு எதிராகக் கிளம்ப முடியாமல் உறுமும், சூடேறும். அந்தச் சீறல் நிற்காமல் தொடர்ந்தால் தாங்கி வாயிலுள்ள ஒருவழி வால்வு பிடிக்கவில்லை என்று பொருள். அதைக் கழற்றித் துடையுங்கள்.

நவம்பர் 2

இயந்திரம் ஓடுகிறதாம். ஆனால் கொம்பிரசர் மூச்சு விடாமல் வேலை செய்கிறதாம், "காற்றை இப்படிக் குடிக்கிறதே" என்கிறார்.

குடிப்பது இயந்திரமல்ல. கணக்குப் பார்ப்போம். 50 மில்லிமீற்றர் சிலிண்டர், 100 மில்லிமீற்றர் வீச்சு (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்). போக 196 கன சென்ரிமீற்றர், வர 165. மொத்தம் 0.36 லீற்றர். 6 பாரில் அதற்கு ஏழு மடங்கு வெளிக்காற்று வேண்டும்: 2.5 லீற்றர். நிமிடத்துக்குப் பத்துப் போத்தல் என்றால் 25 லீற்றர். 6 பாரில் 1 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்றே வினாடிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றரை வெளியே விடும். நிமிடத்துக்கு 60! ஊசித் துளை ஒன்று இயந்திரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் தின்கிறது. அதுவும் இயந்திரம் நிற்கும் நேரத்திலும்.

இரவு எல்லாம் அடங்கிய பின் தாங்கியை நிரப்பி, கொம்பிரசரை நிறுத்தி, இயந்திரத்துக்குப் போகும் வழியைத் திறந்தே விட்டு முள்ளைக் கவனியுங்கள். 100 லீற்றர் தாங்கியில் முள் 1 பார் இறங்கினால் 100 லீற்றர் வெளிக்காற்று போய்விட்டது என்று கணக்கு. எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்று பார்த்தால் விடை கையில். பிறகு சவர்க்கார நுரையைத் தூரிகையில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். பெரும்பாலும் கத்தரியால் கோணலாக வெட்டிச் செருகிய குழாய் முனைதான் குற்றவாளி. கூரிய அலகால் நேராக வெட்டி, அடிவரை செருகி, ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

திருகு இணைப்புகளில் வெள்ளை நாடா சுற்றும்போது முதல் புரியை விட்டுச் சுற்றுங்கள். பிய்ந்த துணுக்கு வால்வுக்குள் போனால் தண்டு பாதி வழியில் சிக்கி, 1இலிருந்து வரும் காற்று நேரே 3ஆல் வெளியேறும். ஒட்டினால் தீராத கசிவு அது.

நவம்பர் 4

குற்றவாளி குழாய் முனைதானாம், அதுவும் மூன்று இடத்தில். கத்தரியை நண்பர் கொடுத்ததாகத் தகவல்.

நவம்பர் 9

நீர்வேலியிலிருந்து எழுதுபவர் பழைய தாங்கி ஒன்று மலிவாக வருகிறது, அடியில் ஒரு துளை, ஒட்டுப் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள், வாங்கலாமா என்கிறார்.

வேண்டாம். உள்ளேயிருந்து அரித்து ஓரிடம் துளைத்துவிட்டது என்றால் சுற்றியுள்ள தகடும் மெலிந்துதான் இருக்கும். வெல்டிங் சூடு அதை இன்னும் கெடுக்கும். 200 லீற்றர் தாங்கியில் 8 பாரில் அடைபட்டிருக்கும் சக்தி ஒரு தொன் எடையை இருபது மீற்றர் உயரத்துக்குத் தூக்கக் கூடியது. அது ஒரே கணத்தில் அவிழும்போது பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது.

துளை இல்லாத பழைய தாங்கியென்றால் காற்றடித்துச் சோதிக்க வேண்டாம். முழுவதும் தண்ணீர் நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் காற்றை வெளியேற்றி, கைப்பம்பால் வேலை அமுக்கத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றி, ஒட்டுகளில் நீர் கசிகிறதா, முள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் அமுங்காது, தாங்கி பிளந்தாலும் நனைவதோடு போய்விடும். பாதுகாப்பு வால்வைப் புதிதாக வாங்குங்கள், பழையதைத் துடைத்துப் பூட்ட வேண்டாம்.

உடலில் ஒரு சிறிய தகடு ஒட்டியிருக்கும்: செய்த ஆண்டு, கொள்ளளவு, தாங்கும் அமுக்கம். பெயின்ற் அடித்து மறைத்திருந்தால் சுரண்டிப் பாருங்கள். தகடே இல்லையென்றால் விலையைக் கேட்காமலே திரும்பி வாருங்கள். இருந்தால் படமெடுத்துப் போடுங்கள், வாசித்துச் சொல்கிறேன்.